குளோபல் என்ட்ரி, ப்ரீசெக்: ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் குடும்பம் பணம் கட்டி வாங்கலாமா?

நெய்தல் | கொலம்பஸ், ஒஹாயோ

வணக்கம். கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்வருவது வழக்கம். எனக்கும் கணவருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. இருவரும் இங்கே பிறந்தவர்கள். கொலம்பஸுக்கு நேரடி விமானம் கிடையாது. தோஹா, ஃப்ராங்க்ஃபர்ட், லண்டன் என்று எந்த வழியாக வந்தாலும் அமெரிக்காவின் பெரிய விமான நிலையம் ஒன்றில் இறங்கி, இமிக்ரேஷன் முடித்து, பெட்டிகளை எடுத்துத் திரும்பவும் ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நின்று, அதன் பிறகுதான் உள்ளூர் விமானம் ஏற முடியும். போன முறை இமிக்ரேஷன் வரிசையிலேயே மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அடுத்த விமானத்தின் கதவை மூடப்போகும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம்.

அலுவலகத்தில் ஒருவர், முன்கூட்டியே ஒப்புதல் பெற்றவர்கள் இமிக்ரேஷனைச் சீக்கிரம் கடக்க உதவும் அரசுத் திட்டமான குளோபல் என்ட்ரி வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், பாதுகாப்புச் சோதனையைச் சுலபமாக்கும் ப்ரீசெக் மட்டும் போதும் என்கிறார். மூன்றாமவர் க்ளியர் இல்லாமல் விமான நிலையத்துக்கே போவதில்லை என்கிறார். நாங்கள் வேறு எங்கும் அதிகம் பறப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் எது பயன்? டிசம்பரில் என் அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் வருகிறார்கள், அவர்களுக்கும் ஏதாவது வழி உண்டா?

கணக்கன் | ப்ளேனோ, டெக்சாஸ்

முதலில் தொகையைப் பார்த்துவிடுவோம் சகோதரி. குளோபல் என்ட்ரிக்கு ஒருவருக்கு 120 டாலர், ஐந்தாண்டு செல்லும். முன்பு 100 டாலராக இருந்ததை 2024 அக்டோபர் 1 முதல் ஏற்றினார்கள். ஏற்றிய கையோடு ஒரு நல்லதையும் செய்தார்கள். பெற்றோரில் ஒருவர் உறுப்பினராக இருந்தாலோ, கூடவே விண்ணப்பித்தாலோ, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆக உங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து 240 டாலர்; ஆண்டுக்கு 48. அதாவது ஆளுக்கு 12 டாலர்.

ப்ரீசெக்கைத் தனியாக வாங்கினால், எந்த நிறுவனம் வழியாகப் பதிகிறீர்கள் என்பதைப் பொறுத்து 77 முதல் 85 டாலர் வரை ஆகும். அது உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனைக்கு மட்டும். குளோபல் என்ட்ரி வாங்கினால் ப்ரீசெக் சேர்ந்தே வருகிறது. வெளிநாட்டுக்கே போகாதவர்களைத் தவிர வேறு யாரும் ப்ரீசெக்கை மட்டும் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இன்னொன்று. உங்கள் பர்ஸில் இருக்கும் கிரெடிட் கார்டுகளின் சலுகைப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். சேஸ் சஃபையர் ரிசர்வ், கேப்பிட்டல் ஒன் வென்ச்சர் போன்ற பல கார்டுகள் நான்காண்டுக்கு ஒருமுறை இந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. கணவரிடம் ஒன்றும் உங்களிடம் ஒன்றும் இருந்தால் கைக்காசே செலவாகாது. இதற்காகவே ஆண்டுச் சந்தா கட்டிப் புதிய கார்டு வாங்க வேண்டாம். விண்ணப்பத்தை நிராகரித்தாலும் கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மதுரைக்காரன் | எடிசன், நியூ ஜெர்சி

ஆண்டுக்கு 48 டாலர் என்றால் மலிவாகத்தான் தெரியும். கைக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

குளோபல் என்ட்ரி வைத்திருப்பவர் இமிக்ரேஷனை ஐந்து நிமிடத்தில் கடக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு எங்கே போவார்? பெட்டிகள் வரும் பெல்ட் அருகே போய் நிற்பார். இந்தியாவிலிருந்து வரும் குடும்பம் ஆளுக்கு இரண்டு பெட்டி கொண்டுவருகிறது. எட்டுப் பெட்டியில் கடைசிப் பெட்டி வந்து விழும்வரை அங்கேதான் நிற்க வேண்டும். அதற்குள் சாதாரண வரிசையில் நின்றவர்களும் வந்துவிடுவார்கள். கைப்பையோடு போய்வரும் வியாபாரிக்கும் ஆலோசகருக்கும் இது பொருந்தும், அரிசிமாவும் ஊறுகாயும் சுமந்து வருகிற நமக்கு இது எதற்கு?

கட்டணமே இல்லாமல் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் என்று ஒரு செயலியை அமெரிக்க எல்லைத்துறையே நடத்துகிறது. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் பயன்படுத்தலாம். 30-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களில் அதற்குத் தனி வரிசை இருக்கிறது. ஒரே குடும்பத்தில் 12 பேர் வரை ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். நேர்காணலும் இல்லை, கைரேகை கொடுக்கக் காத்திருக்கவும் வேண்டாம். பாஸ்போர்ட் விவரங்களை வீட்டிலேயே பதிந்து வைத்துவிட்டு, விமானம் தரையிறங்கியதும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது.

ப்ரீசெக்கும் முன்பிருந்த ப்ரீசெக் இல்லை. அதன் பெரிய கவர்ச்சியே ஷூவைக் கழற்ற வேண்டாம் என்பதுதான். 2025 ஜூலையில் அந்தக் கட்டாயத்தை எல்லாப் பயணிகளுக்கும் நீக்கிவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது லேப்டாப்பைப் பையிலேயே விடலாம், பெல்ட்டையும் மெல்லிய ஜாக்கெட்டையும் கழற்ற வேண்டாம் என்பது போன்றவைதான்.

கொங்குச்செல்வி | நேப்பர்வில், இல்லினாய்

மதுரைக்கார அண்ணன் பெட்டியைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

இமிக்ரேஷன் வரிசை சிறியதாக இருக்கும் நாளில் அவர் சொல்வது அப்படியே சரி. குளோபல் என்ட்ரியால் அன்றைக்கு ஒரு பயனும் இல்லை, பெட்டிக்காகத்தான் காத்திருப்பீர்கள். ஆனால் ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் பெரிய விமானங்கள் மதியத்துக்குப் பிறகு அடுத்தடுத்து இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் அந்த நேரத்தில் வரிசை கயிற்றுத் தடுப்புகளைத் தாண்டி நடைபாதைவரை நீளும். அன்றைக்கு உங்கள் பெட்டிகள் எப்போதோ வந்து, பெல்ட்டிலிருந்து இறக்கி ஓரமாக அடுக்கப்பட்டிருக்கும். நீங்கள்தான் இன்னும் வந்திருக்க மாட்டீர்கள். குளோபல் என்ட்ரி வேலைக்கு வருவது அப்படிப்பட்ட நாட்களில்தான். நெய்தல் பயணம் செய்வதே அந்த மாதங்களில்தான், அதுவும் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டிய நிலையில். சராசரியைப் பார்த்து முடிவெடுத்தால் அவருக்குப் பொருந்தாது.

நீங்களே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. எல்லைத்துறையின் தளத்தில் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மணிவாரியாகக் காத்திருப்பு நேரத்தை வெளியிடுகிறார்கள். சராசரியும் இருக்கும், அதிகபட்சமும் இருக்கும். உங்கள் விமானம் வழக்கமாக இறங்கும் மணியை எடுத்து, போன ஆண்டின் ஜூலை மாதத்துக்கு அதிகபட்சம் என்ன என்று பாருங்கள். அந்தப் பத்தியைப் பார்த்த பிறகு 240 டாலர் கட்டுவதா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

செயலியைப் பற்றி: நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் அது இலவசம் என்பதால் கூட்டமான நாளில் அந்த வரிசையும் நீள்கிறது. முடிவில் ஓர் அதிகாரியிடம் போய் நின்று பாஸ்போர்ட்டைக் காட்டியே ஆக வேண்டும். குளோபல் என்ட்ரியில் கருவியின் முன் நின்றால் முகத்தைப் படம் எடுக்கிறது, பொருந்தியதும் அதிகாரி உங்கள் பெயரைச் சொல்லிப் போகச் சொல்கிறார். கேள்வி இருந்தால் கேட்பார், பெரும்பாலும் இருக்காது.

இதைவிட முக்கியமானது பிள்ளைகள் விஷயம். 12 வயது வரையான குழந்தை ப்ரீசெக் உள்ள பெற்றோரோடு அதே வரிசையில் வரலாம். 13 முதல் 17 வரையுள்ளவர்கள், ஒரே முன்பதிவில் இருந்து, அவர்களுடைய போர்டிங் பாஸிலும் ப்ரீசெக் குறி அச்சாகியிருந்தால் கூட வரலாம். குளோபல் என்ட்ரியில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. கைக்குழந்தைக்கும் தனி உறுப்பினர் எண் வேண்டும். நாலு பேரில் ஒருவருக்கு இல்லையென்றாலும் நாலு பேரும் சாதாரண வரிசைக்குத்தான் போவீர்கள். பெரியவர்கள் இருவரும் வாங்கி, பிள்ளைகளுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்ட குடும்பங்கள் எனக்கு நிறையத் தெரியும். அவர்கள் கட்டிய பணம் சும்மா கிடக்கிறது. விண்ணப்பித்தால் நாலு பேருக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள்.

தாமிரபரணி | சியாட்டில்

க்ளியர் பற்றி யாரும் சொல்லவில்லை. அது அரசுத் திட்டம் இல்லை, தனியார் நிறுவனம். ஆண்டுக்கு 200 டாலருக்கு மேல். மேலே சொன்ன 120 டாலர் ஐந்தாண்டுக்கு என்பதோடு வைத்துப் பாருங்கள். கண்ணையோ முகத்தையோ காட்டி, இன்னார்தான் என்று உறுதிசெய்து, சோதனை வரிசையின் முன்பக்கம் கொண்டுபோய் விடுவார்கள், அவ்வளவுதான். சோதனை எல்லாருக்கும் நடப்பதுதான். ப்ரீசெக் இல்லாமல் க்ளியர் மட்டும் இருந்தால் லேப்டாப்பை வெளியே எடுத்து வைக்கத்தான் வேண்டும். இமிக்ரேஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாரம் தவறாமல் பறப்பவருக்கு, அவருடைய விமான நிலையத்தில் ப்ரீசெக் வரிசையே நிரம்பி வழிந்தால், அது உதவலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர் அதன் பக்கமே திரும்ப வேண்டாம். இதன் முந்தைய நிறுவனம் 2009 ஜூனில் திடீரென்று கடையை மூடிவிட்டது என்பதையும், அடுத்த ஆண்டு புதிய உரிமையாளர்கள் வாங்கித்தான் மீண்டும் தொடங்கினார்கள் என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள். கைரேகையையும் கருவிழிப் பதிவையும் யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசித்துக் கொடுக்க வேண்டும்.

புதுக்கிணறு | ஷார்லட், வட கரோலினா

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். இது எல்லாம் கிரீன் கார்டு வந்த பிறகுதானா?

கணக்கன் | ப்ளேனோ, டெக்சாஸ்

இல்லை தம்பி. ப்ரீசெக்குக்கு நேரடியாக விண்ணப்பிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும், அது உண்மை. ஆனால் 2017 ஜூலை முதல் இந்தியக் குடிமக்கள் குளோபல் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் பதிவு செய்த இந்தியர் அப்போதைய தூதர் நவ்தேஜ் சர்னா. அது கிடைத்தால் ப்ரீசெக்கும் கூடவே கிடைக்கும்.

உங்களுக்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. அமெரிக்கத் தளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டிய பிறகு, இந்தியப் பாஸ்போர்ட் சேவா தளத்திலும் குளோபல் என்ட்ரிக்கான பின்னணி விசாரணைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு நடப்பதுபோலவே போலீஸ் விசாரணை நடக்கும். ஊரில் உள்ள முகவரிக்குக் காவலர் வந்து விசாரித்தால் பதில் சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டும், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம்.

மதுரைக்காரர் சொன்ன இலவசச் செயலி எச்-1பி காரர்களுக்குக் கிடையாது. அதனால் உங்களுக்கு இதன் மதிப்பு எங்களுக்கு இருப்பதைவிட அதிகம். விசா முத்திரையோடு திரும்பி வரும்போது நிற்கும் வரிசை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒற்றைப்பெயர் | சான் ஹோசே

எல்லோரும் பணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். தமிழர்களுக்கு இதில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் பெயர்தான். பணம் கட்டியும் பயன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசா தரும்போது, சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்கு நகர்த்திவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்தைப் போடுகிறார்கள். பின்னாளில் கிரீன் கார்டிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அது ஒவ்வொரு விதமாக ஏறிவிடுகிறது. விமான நிறுவனத் தளமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் டிக்கெட் தராது. ஒருவர் சொந்தப் பெயரையே இரண்டு முறை எழுதுவார், இன்னொருவர் அப்பா பெயரை எழுதுவார், மூன்றாமவருக்கு டிராவல் ஏஜென்ட் தனக்குத் தோன்றியதை எழுதிவிடுவார்.

இதனால் என்ன ஆகிறது? ப்ரீசெக் குறி உங்கள் போர்டிங் பாஸில் அச்சாக மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: உறுப்பினர் எண், பெயர், பிறந்த தேதி. டிக்கெட்டில் உள்ள பெயர் விண்ணப்பத்தில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் குறி வராது. குறி இல்லையென்றால் குளோபல் என்ட்ரி அட்டையை எடுத்துக் காட்டினாலும் அந்த வரிசையில் விட மாட்டார்கள். வாசலில் நிற்பவரோடு வாதாடிப் பயனில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது இது. பாஸ்போர்ட், கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் மேசையில் வைத்து, பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். பிறகு ஒவ்வொரு விமான நிறுவனத்தின் உறுப்பினர் பக்கத்திலும் அதே பெயரையும் எண்ணையும் சேமித்து வையுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் வீட்டில் கொண்டாடும் தேதி வேறொன்றுமாக இருப்பவர்கள், பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

நெய்தலுக்குத் தனியாக ஒன்று. வெளிநாட்டு விமான நிறுவனத்தில் ஒரே டிக்கெட்டாகச் சென்னையிலிருந்து கொலம்பஸ் வரை எடுத்தால், கடைசி உள்ளூர்ப் பயணத்தை அமெரிக்க நிறுவனம் ஒன்று இயக்கும். முதல் நிறுவனத்திடம் கொடுத்த உறுப்பினர் எண் அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேராமலே இருந்துவிடும். உள்ளூர் நிறுவனத்தின் தளத்தில் அவர்களுடைய முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கேயும் எண்ணைப் பதிந்துவிடுங்கள். சென்னையில் கொடுத்த போர்டிங் பாஸில் குறி இல்லாவிட்டால், இறங்கிய பிறகு பெட்டியைத் திரும்ப ஒப்படைக்கும் இடத்தில் புதிதாக அச்சிட்டுத் தரக் கேளுங்கள். உங்களுக்கு நேரம் போவது இமிக்ரேஷனில் மட்டுமில்லை, அந்த இரண்டாவது சோதனையிலும்தான்.

நெய்தல் | கொலம்பஸ், ஒஹாயோ

ஐயா, மிக்க நன்றி. என் கணவரின் பாஸ்போர்ட்டில் நீங்கள் சொன்னதுபோலவே குடும்பப் பெயர் காலியாகத்தான் இருக்கிறது. கிரீன் கார்டில் அந்த மூன்று எழுத்து இருக்கிறது. இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்க்கிறோம்.

வைகறை | க்வீன்ஸ், நியூயார்க்

இந்த உரையாடலில் அடிப்படையான ஒன்றை யாரும் தொடவில்லை. பாதுகாப்புச் சோதனையும் எல்லைச் சோதனையும் அரசின் கடமை. ஒவ்வொரு டிக்கெட்டிலும் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒருவழிக்கு 5.60 டாலர் ஏற்கெனவே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் 120 டாலர் கட்டினால் சீக்கிரம் போகலாம் என்பது என்ன நியாயம்? கட்டணம் கட்டாதவர் நிற்கும் வரிசைக்கு ஆள் போடாமல் விடுவதற்கு இது ஒரு சாக்காக ஆகிவிடுகிறது. வரிசை நீள நீள இன்னும் பலர் பணம் கட்டுவார்கள். வேலைக்காரப் பெண்ணும் டாக்ஸி ஓட்டுநரும் ஊருக்குப் போய் வரும்போது கடைசி வரிசையில் நிற்பார்கள்.

இன்னொன்றையும் நியூயார்க்கில் இருப்பவன் என்ற முறையில் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில், மாநில அரசின் ஓட்டுநர் உரிமச் சட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக, நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்கள் யாரும் குளோபல் என்ட்ரிக்குப் புதிதாகச் சேரவோ புதுப்பிக்கவோ முடியாது என்று அமெரிக்க ஒன்றிய அரசு அறிவித்தது. எங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஜூலையில்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் வழக்கு நடந்து, தாங்கள் நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களில் தவறு இருந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகு. பணம் வாங்கிக்கொண்டு தரும் ஒரு சலுகையை ஒரே அறிவிப்பில் பறிக்க முடிகிறது என்றால், அதை நம்பி எப்படிப் பயணத்தைத் திட்டமிடுவது?

மதுரைக்காரன் | எடிசன், நியூ ஜெர்சி

வைகறை சொல்வதில் என் மனம் முழுக்க இருக்கிறது. இலவசச் செயலியை நான் வலியுறுத்துவதும் அதனால்தான். எல்லாருக்கும் திறந்திருக்கும் வசதி நிறையப் பேர் பயன்படுத்தினால்தான் வளரும்.

கொங்குச்செல்வி | நேப்பர்வில், இல்லினாய்

நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கட்டணம் பின்னணிச் சோதனைக்கானது. அச்சோதனை முடிந்தவர்களை அதிகாரிகள் மறுபடி மறுபடி கேள்வி கேட்காமல் விட்டால், மிச்ச நேரம் மற்றவர்களுக்குத்தான் போகிறது. ஆனால் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை நீக்கியதுபோல, வருமானம் குறைந்தவர்களுக்கும் குறைக்க வேண்டும் என்று கேட்பதில் உங்களோடு நிற்பேன். அதே நேரம், இந்த ஜூலையில் இரண்டு பிள்ளைகளோடு இறங்கப்போகிற ஒருவரிடம், நியாயம் வரும்வரை வரிசையில் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனையிறவு | ஸ்காபரோ, ரொறன்ரோ

கனடாவில் இருக்கும் நம் ஆட்களுக்காக ஒரு குறிப்பு. எங்களுக்கு, அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் நெக்ஸஸ் திட்டம் இருக்கிறது. 2024 ஒக்டோபருக்கு முன் 50 டொலர், இப்போது அதுவும் 120 அமெரிக்க டொலர். விலை ஏறினாலும் நெக்ஸஸ் உள்ளவர் அமெரிக்க விமான நிலையங்களில் குளோபல் என்ட்ரி வரிசையையும் பயன்படுத்தலாம். கனடியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ப்ரீசெக்கும் சேர்ந்து கிடைக்கும். நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்களுக்கு ப்ரீசெக் இல்லை.

எங்களுக்கு விமானத்தைவிடத் தரைவழிதான் அதிகம். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று பஃபலோ வழியாக நியூ ஜெர்சிக்கு வாகனத்தில் போவோம். பாலத்தில் நெக்ஸஸ் பாதையில் போக வேண்டுமென்றால் வாகனத்தில் இருக்கும் அத்தனை பேரிடமும் நெக்ஸஸ் இருக்க வேண்டும். அம்மம்மாவுக்கு இல்லையென்றால் எல்லோரும் சாதாரண பாதைதான். கொங்குச்செல்வி அக்கா சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. தனி ஆளாகப் போய்வருபவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பெரிய குடும்பம் எல்லோருக்கும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

காரைக்குடி | ஆட்லாண்டா

குளோபல் என்ட்ரி வாங்கிய பிறகு பெட்டியில் என்ன இருக்கிறது என்பதில் முன்பைவிடக் கவனமாக இருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதைப் பறிகொடுத்தது கறிவேப்பிலையால். ஊரிலிருந்து கிளம்பும்போது மாமியார் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சேலை மடிப்புக்குள் வைத்து அனுப்பியிருந்தார். அவர்கள் உணவுப்பொருள் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வரும் வழியில் மோப்ப நாய் பெட்டியின் அருகே உட்கார்ந்துவிட்டது. அபராதமும் கட்டினார்கள், உறுப்பினர் தகுதியும் போயிற்று.

கறிவேப்பிலைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு: ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். அந்த நோயால் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் பெரும் நாசத்தைக் கண்டிருக்கின்றன. அரிசிக்கும் தடை இருக்கிறது, காரணம் தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு. பச்சை மாம்பழமும் கூடாது. சொல்லாமல் மறைத்தால் முதல் முறைக்கே 1,000 டாலர் வரை அபராதம் விதிக்க விதி இருக்கிறது. சாதாரணப் பயணிக்கு அபராதத்தோடு போகும், குளோபல் என்ட்ரி உள்ளவருக்கு அட்டையும் போய்விடும்.

பொடி, ஊறுகாய், இனிப்பு என்று எது இருந்தாலும் "உணவு இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொன்னதற்காக யாருக்கும் அபராதம் போட மாட்டார்கள். கூடாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஊரில் பெட்டி கட்டுவது பெரியவர்கள் என்றால், மூடும் முன் ஒவ்வொரு பெட்டியையும் நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

தாமிரபரணி | சியாட்டில்

நெய்தலின் பெற்றோரைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

இந்தியக் குடிமக்கள் என்பதால் அவர்களும் குளோபல் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் ஆளுக்கு 120 டாலர், போலீஸ் விசாரணை, ஆங்கிலத்தில் நேர்காணல் எல்லாம் எப்போதாவது ஒருமுறை வருபவர்களுக்குத் தேவையில்லை. அவர்களோடு சேர்ந்து நீங்கள் பயணம் செய்தால், உங்கள் குளோபல் என்ட்ரியில் அவர்களைக் கூட்டிப்போக முடியாது. அதிகாரியின் கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாதென்றால் நீங்களும் சாதாரண வரிசையில் அவர்களோடு நில்லுங்கள். அட்டை இருக்கிறது என்பதற்காக முன்னால் போய் பெல்ட் அருகே காத்திருக்காதீர்கள்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முழங்கால் வலி, நெடுந்தூரம் நடக்க முடியாது என்ற நிலை இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. உதவியாளர் இமிக்ரேஷன், பெட்டி, அடுத்த விமானம் என்று கடைசிவரை கூட வருவார். நன்றாக நடப்பவர்கள் வரிசையைத் தாண்டுவதற்காக மட்டும் இதைக் கேட்பதை நான் வெறுக்கிறேன். உண்மையிலேயே நடக்க முடியாத ஒரு பாட்டி அதனால் விமான வாசலில் நாற்காலிக்குக் காத்துக் கிடப்பதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

நீங்கள் எல்லோரும் இந்தியப் பக்கத்தையும் மறக்காதீர்கள். 2024 ஜூனில் தில்லியில் தொடங்கிய விரைவு இமிக்ரேஷன் திட்டம், எஃப்.டி.ஐ-டி.டி.பி, 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் ஓ.சி.ஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) உள்ளவர்களுக்கும் உரியது. ஒரு ரூபாய்கூட கட்டணம் இல்லை. உள்துறையின் தளத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் விமான நிலையத்திலோ வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ கைரேகையும் முகப்படமும் கொடுத்தால் போதும். சென்னையில் அந்த அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டு அல்லது பாஸ்போர்ட் முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். உங்கள் பெற்றோரும் புறப்படும் முன்பே பதிந்துகொள்ளலாம். நள்ளிரவுக்குப் பிறகு சென்னையில் அடுத்தடுத்துக் கிளம்பும் விமானங்களுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மதுரைக்காரன் | எடிசன், நியூ ஜெர்சி

இதைத்தான் எல்லா நாட்டிலும் செய்ய வேண்டும். நானும் பதிந்திருக்கிறேன். தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டை வைத்து, விரலை வைத்து, நடந்து போய்விடலாம்.

நெய்தல் | கொலம்பஸ், ஒஹாயோ

எல்லோருக்கும் நன்றி. கொங்குச்செல்வி சொன்னபடி காத்திருப்பு நேரப் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் விமானம் இறங்கும் மணியில் ஜூலை மாத அதிகபட்சங்கள் அதிர்ச்சியாக இருந்தன. நால்வருக்கும் குளோபல் என்ட்ரி விண்ணப்பிக்கிறோம். கணவரின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. க்ளியர் வேண்டாம். அட்டை வரும்வரை இலவசச் செயலியைப் பயன்படுத்துவோம். அப்பா அம்மாவுக்கு இந்தியத் திட்டத்தில் இந்த வாரமே பதியச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். நேர்காணலுக்கு எங்கள் பக்கத்தில் தேதியே கிடைக்கவில்லை. ஊருக்குப் போகும் முன் முடியாவிட்டால் என்ன செய்வது?

கணக்கன் | ப்ளேனோ, டெக்சாஸ்

தேதிக்குக் காத்திருக்கவே வேண்டாம். நேர்காணலுக்கு முன் தரும் நிபந்தனையோடு கூடிய ஒப்புதல் வந்துவிட்டால், வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும்போது அந்த விமான நிலையத்திலேயே நேர்காணலை முடிக்கலாம். முன்பதிவு எதுவும் கிடையாது. பெரிய விமான நிலையங்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இருக்கிறது, உங்களுடையது பட்டியலில் உள்ளதா என்று மட்டும் பாருங்கள். இமிக்ரேஷன் கூடத்துக்குள் அதற்கான பலகை இருக்கும், அந்த வழியே போங்கள். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, முகவரிக்கு ஓட்டுநர் உரிமம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் இருவருக்கும் ஒப்புதல் வந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் தனித்தனியாகச் சரிபாருங்கள், நால்வருக்கும் ஒரே நாளில் வருவதில்லை.

ஆனால் அன்றைக்கு அடுத்த விமானத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள். நேர்காணல் அறையிலும் கூட்டம் இருக்கும்.